எண்பத்தேழாம் பக்கம்

ரொறன்ரோ
22.09.2024

அன்புள்ள மயூரி மச்சாளுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. எலிவேற்றர் மூன்று நாளாக ஓடவில்லை, நாங்கள் ஒன்பதாம் மாடி. மாமாவின் பிரஷர் எப்படி? கொக்குவிலில் மழை தொடங்கிவிட்டதா?

மாதம் ஒரு கடிதம் தமிழில் எழுதினால்தான் என் போன் என் கைக்கு வரும் என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறார். அதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதேங்கோ. இந்த முறை விஷயம் இருக்கிறது. என்னை இயர்புக் குழுவில் எடுத்துவிட்டார்கள்! வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் அடிக்கிற தடித்த படப் புத்தகம்தான் இயர்புக். ஒவ்வொரு பிள்ளையின் முகமும் இருக்கும். ‘ஏன் சேர விரும்புகிறாய்?’ என்று படிவத்தில் கேட்டிருந்தது. ‘என் மச்சாள் யாழ்ப்பாணத்தில் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறார், இது எங்கள் இரத்தத்தில் உள்ளது’ என்று எழுதினேன். பொறுப்பு ரீச்சர் மிஸ் ஒலிவேரா சிரித்துவிட்டுச் சரி என்றார்.

‘இந்தக் குழுவில் சேர்ந்தால் எதை எதிர்பார்க்கலாம்’ என்று ஒரு தாளும் தந்தார். திகதி பிந்தக்கூடாது. ஒருவரும் நன்றி சொல்லமாட்டார்கள், பிழை வந்தால் மட்டும் தேடி வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் எங்காவது இருக்கவேண்டும், ஒருவரையும் விடக்கூடாது. இப்படி ஏழெட்டு. பெரிய கமெரா தருவார்கள் என்று பார்த்தால், பெயர்ப் பட்டியலைத் தந்தார்கள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பெயர். ‘உனக்கு நீளமான பெயர்கள் வாசிக்க வரும்’ என்றார் மிஸ். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் வரும் அட்டவணையும் என் தலையில்தான்.

பதினாலாம் மாடியில் கீதன் என்று ஒருவன், கிறேட் 12. எலிவேற்றரில் கண்டால் விடமாட்டான். “என்ன எடிற்றர் மேடம், என்ர படத்தை வடிவாப் போடும், இல்லாட்டி அம்மாவை அனுப்புவன்” என்கிறான். அவனுக்குப் பயந்தாவது நல்லாகச் செய்யவேண்டும். புத்தி சொல்லுங்கோ.

அன்புடன்,
லக்சிகா


கொக்குவில்
15.10.2024

அன்பு லக்சிக்கு,

உன் கடிதம் மூன்று கிழமை ஊர் சுற்றிவிட்டு நேற்று வந்து சேர்ந்தது. அப்பாவின் பிரஷர் குளிசையில் அடங்கியிருக்கிறது, வாய் அடங்கவில்லை. மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்.

எடிற்றர் மேடமோ! நல்லது. போனில் நீ ‘ம்ம்’, ‘ஓகே’ தவிர ஒன்றும் எழுதமாட்டாய். கடிதத்தில்தான் ஆளாக இருக்கிறாய், மாமியின் சட்டம் வாழட்டும்.

எங்கள் அச்சகத்தில் கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ், முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற நினைவு மலர், இவ்வளவும்தான். நினைவு மலர்தான் கூட. கனடாவில் செத்தாலும் மலர் இங்கே அடித்துப் பெட்டி கட்டி அனுப்புகிறோம். அதனால் உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, கேள்.

முதலில் பெயர். எங்கள் முதலாளி அன்புராசா அண்ணை சொல்லுவார், “படம் மங்கினா விட்டிடுவினம், பேர் பிழைச்சா படலைக்கு வந்திடுவினம்.” அடுத்தது, பக்கத்தில் வெறும் இடம் கிடந்தால் பதறி நட்சத்திரமும் புறாவும் கொட்டாதே. கண்ணுக்கும் இளைப்பாற இடம் வேண்டும். செய்து முடித்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. திரையில் வேண்டாம், தாளில். தாளில்தான் பிழை தெரியும்.

குளிர் தொடங்கப் போகிறது, காதை மூடிக்கொண்டு திரி.

மயூரி


ரொறன்ரோ
10.11.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை. எலிவேற்றருக்கும் சுகம் வந்துவிட்டது.

செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டபிறகு கொம்பியூட்டர் அறையில் இருக்கிறோம். எந்தப் பக்கம் யார் பொறுப்பு என்று சுவரில் பெரிய அட்டவணை. ஒருவர் பிந்தினால் அத்தனை பேரும் அந்தரப்படவேண்டும். கரப்பந்துக் குழுப் படத்தில் நின்ற பதினொரு பேரின் பெயர் எடுக்க நான்கு நாள் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் பதினோராவது ஆள் அந்தக் குழுவே இல்லை, சும்மா வந்து நின்றிருக்கிறான்.

மச்சாள், எழுத வந்தது இது இல்லை. முகப் படம் எடுக்கிற நாளுக்குக் கீதன் வரவில்லை. விட்டவர்களுக்கு இன்னொரு நாள் வைத்தார்கள், அதற்கும் வரவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனை அங்கேயே மறித்து வைத்துவிட்டார்கள். இரத்தத்தில் புற்றுநோயாம். தகப்பன் ட்றக் ஓடுகிறவர், பாதி நாள் வீட்டில் இல்லை. அவனுடைய அம்மா குணவதி அன்ரிதான் எலிவேற்றரில் வைத்து அம்மாவிடம் சொன்னார். எங்கள் மாடி வந்து கதவு திறந்தது, மூடியது, திரும்ப மேலே போனது. ஒருவரும் இறங்கவில்லை.

‘படம் இல்லாதவர்கள்’ என்று ஒரு மூலையில் சின்ன எழுத்தில் பெயர்களை மட்டும் போடுவார்கள். அந்தப் பட்டியல் தட்டுவது நான். கீதனின் பெயரைத் தட்டினேன், அழித்தேன், திரும்பத் தட்டினேன். அவனுக்கு நான் வேறு என்ன செய்ய முடியும்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

லக்சிகா


கொக்குவில்
04.12.2024

அன்பு லக்சிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூருக்குப் போய் அருச்சனை செய்துவிட்டு வந்தார். “பேர் கீதன், நட்சத்திரம் தெரியாது” என்று ஐயரிடம் சொன்னாராம். நாங்கள் சுகமாக இருப்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளையைப் பட்டியலில் போடாதே. தாயிடம் போய் ஒரு படம் கேள். ஸ்டூடியோப் படம்தான் வேண்டும் என்று உன் மிஸ் சொன்னால், அவனுக்கென்று ஒரு பக்கம் கேள். தராவிட்டால் சண்டை பிடி. எங்கள் குடும்பத்தில் வாய் இல்லாத ஆள் இதுவரை பிறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் ஒருக்கால் போய்ப் பார். என்ன கதைப்பது என்று யோசிக்காதே, போய் இரு.

மயூரி


ரொறன்ரோ
12.01.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

புதுவருஷ வாழ்த்துகள். எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்லி அம்மா சொல்கிறார், எழுதிவிட்டேன்.

பக்கம் கிடைத்துவிட்டது! எண்பத்தேழாம் பக்கம், முழுதாக. வாயால் வாங்கியதுதான். நீங்கள் சொன்னபடி தாளில் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். குணவதி அன்ரி தந்தது ஒரு கலியாண வீட்டுப் படம். கூட நின்றவர்களை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்தேன். பின்னால் நீல வானம், மேகம். இரண்டு பக்கமும் விளக்கு, தீபாவளிப் பக்கத்துக்கு எடுத்ததில் மிஞ்சியது. மூலைகளில் மல்லிகை. பெயரைத் தமிழில் போட மிஸ் சம்மதித்தார்: செல்வன் குலசிங்கம் கீதன். கீழே இடப்பக்கம் பிறந்த திகதி. வலப்பக்கத்தை நீங்கள் சொன்ன மாதிரி வெறுமையாக விட்டேன். அடியில் ‘என்றும் எங்கள் நெஞ்சில்’.

மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். இந்தப் புத்தகத்திலேயே வடிவான பக்கம் இதுதானாம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

கீதனைப் பற்றி வேறு ஒன்றும் இப்போது எழுத முடியாது, மச்சாள். கை வருகுதில்லை. பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ.

லக்சிகா


கொக்குவில்
05.02.2025

என்ர லக்சிக்கு,

உறையைக் கிழித்ததும் அந்தப் பக்கம்தான் கையில் வந்தது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். உங்களைச் சுகம் விசாரிக்கவும் மனம் வரவில்லை.

எப்போது மோசம் போனவன்? பதினேழு வயது, சாகிற வயதா? கடவுளே! “நட்சத்திரம் கேட்டுச் செய்திருக்க வேணும்” என்று அப்பா அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்தத் தாயிடம் எங்கள் அனுதாபத்தைச் சொல். நீ ஏன் எழுத முடியவில்லை என்று விளங்குகிறது. அழ வேண்டும் போல இருந்தால் அழு, அடக்கி வைக்காதே.

தொழில்காரியாகவும் சொல்லவேண்டும், நீ கேட்டபடியால். மிக வடிவு. அவனுடைய தோளில் யாரோ ஒருவரின் நாலு விரல் வெட்டுப்படாமல் நிற்கிறது. எங்களுக்கு வருகிற படங்களும் அப்படித்தான், எல்லாம் கலியாண வீட்டில் வெட்டியவை. அதை அழித்துவிடு. மற்றது ஒரு பெரிய பிழை. தோற்றம் போட்டிருக்கிறாய், மறைவு போட மறந்துவிட்டாய். வலப்பக்கம் இடம் சும்மா கிடக்கிறது. அச்சுக்குப் போக முதல் திகதியைப் போட்டுவிடு.

மனதைத் தேற்றிக்கொள், குஞ்சு.

மயூரி


ரொறன்ரோ
27.02.2025

மச்சாள்,

கீதன் சாகவில்லை.

நேற்று நான் போன் எடுத்து அழுதபோது ஒன்றும் விளங்கவில்லை, எழுது என்று சொன்னீர்கள். எழுதுகிறேன். கீதன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தலைமயிர் எல்லாம் கொட்டிவிட்டது. ஜனவரியில் ஒரு கிழமை மூச்சுக்குக் குழாய் வைத்துக் கிடந்தான். அதைத்தான் உங்களுக்கு எழுதாமல் விட்டேன். எழுதினால் ஏதாவது நடந்துவிடும் என்று பயம். எழுதாமல் விட்டதால் இப்படி நடந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். ஐயோ மச்சாள்! வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு தமிழ்க் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகிறேன். கடைக் கண்ணாடி முழுக்க மரண அறிவித்தல், ஒட்டியிருக்கும் முகங்கள். அதே மேகம், அதே விளக்கு, அதே பூ. நான் ஒன்பது வயதில் வந்தவள். தமிழ் எழுத்தோடு வடிவாகச் செய்த பக்கம் என்று என் கண்ணில் பட்டதெல்லாம் அதுதான். ஒருவரை மரியாதையாகப் போடுவதென்றால் அப்படித்தான் என்று என் கை தானாகச் செய்துவிட்டது.

மிஸ்ஸிடம் ஓடினேன். பக்கங்களை எல்லாம் பதினாலாம் திகதியே பூட்டி அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். “இதில் என்ன பிழை? வானம்தானே? விளக்குத்தானே?” என்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். அடியில் இருந்த தமிழ் வரியையும் சொன்னேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. அச்சகத்துக்கு மெயில் போட்டார். இரண்டு நாளில் ஒரு வரி பதில்: அச்சுத் தகடு போட்டாயிற்று, இனிக் கை வைக்க முடியாது.

எண்ணூறு புத்தகம். எதை எதிர்பார்க்கலாம் என்று தந்த தாளை எடுத்துப் பார்த்தேன். இது அதில் இல்லை. நான் என்ன செய்ய? உடனே எழுதுங்கோ.

லக்சிகா


ரொறன்ரோ
13.04.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நாளைக்கு வருஷப்பிறப்பு. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பதில் வரவில்லை. போன கிழமை நீங்கள் அம்மாவோடு போனில் கதைத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கோபமா?

கீதன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஜூன் மாதம் எலும்பு மச்சை மாற்றும் சிகிச்சை. குணவதி அன்ரியின் மச்சை பாதிதான் பொருந்துகிறதாம். “பாதி போதும் எண்டு டொக்டர் சொல்லுறார். மற்றப் பாதிக்கு நான் ஆரைப் போய்க் கேக்கிறது?” என்கிறார்.

என்னை எலிவேற்றரில் காணும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறார். “பிள்ளை, புத்தகம் எப்ப வரும்?” ஜூன் என்கிறேன். உள்ளே நிற்கிறவர்கள் எல்லோருக்கும், தமிழ் தெரியாதவர்களுக்கும்கூட, “என்ர மகனுக்கு ஒரு முழுப் பக்கம்” என்று காட்டிக் காட்டிச் சொல்கிறார். எலிவேற்றர் நல்லாக ஓடுகிறது. நான் படியால் இறங்குகிறேன்.

லக்சிகா


கொக்குவில்
06.05.2025

அன்பு லக்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். கோபம் இல்லையடி, வெட்கம்.

உன் பக்கத்தை நான் அன்புராசா அண்ணைக்குக் காட்டினேன், பெருமையில். அவர் “நல்ல டிசைன்” என்று, வருகிற ஆட்களுக்குக் காட்டும் மாதிரிப் புத்தகத்தில் ஒட்டிவிட்டார். உன் அழுகை போனில் வந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதம் வருவதற்குள் இரண்டு குடும்பம் கீதனின் முகத்தில் விரலை வைத்து, “இது மாதிரி வேணும்” என்று கேட்டுவிட்டார்கள். ஒன்றை நானே செய்து கொடுத்தேன், வேறு முகத்தை வைத்து.

கடிதம் வந்த அன்றைக்கே பக்கத்தை உரித்து எடுத்தேன். எரிக்கப் பயம். சாமியறையில் வைக்கவும் பயம், அந்தச் சுவரில் இருப்பதெல்லாம் செத்தவர்களின் படம். என் உடுப்புகளுக்குள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் உனக்கு எழுத இருந்து, எழுத ஒன்றும் இல்லாமல் எழும்பினேன். மறைவுத் திகதி போடச் சொன்னவள் நான்.

எண்ணூறையும் உன்னால் பிடிக்க முடியாது. அந்தத் தாயின் கைக்குப் போகிற ஒன்றைப் பிடி. பிளேட்டால் தையலோடு ஒட்டி ஒரு கீறு. வெளியே தெரியாது. பிழைத்த தாளை நாங்கள் அப்படித்தான் எடுப்போம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மயூரி


ரொறன்ரோ
14.06.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், குறை நினைக்காதேங்கோ.

புத்தகம் திங்கட்கிழமை வந்தது. இயர்புக் வந்தால் அன்றைக்கு ஒருவரும் படிப்பதில்லை. பேனையோடு திரிந்து ஒருவர் புத்தகத்தில் ஒருவர் எழுதுவார்கள். எல்லோரும் எழுதுவது ஒன்றைத்தான்: லீவு நல்லாகப் போகட்டும். எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். கீதனின் புத்தகத்தைக் கழிப்பறைக்குள் கொண்டுபோய், பிளேட்டால் ஒரு கீறு. உண்மைதான், தெரியவில்லை. தாளை என் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு பதினாலாம் மாடிக்குப் போனேன்.

கீதன் தொப்பியோடு சோபாவில் சாய்ந்திருந்தான். ஆள் பாதி. குணவதி அன்ரி கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து புத்தகத்தை மடியில் வைத்தார். ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டினார், ஒன்றையும் தாண்டவில்லை. கடைசி மட்டும் போய்விட்டு, “எங்க, பிள்ளை?” என்றார்.

“தாங்கோ அம்மா, பின்னால நம்பர் இருக்கும்” என்று கீதன் வாங்கினான். பின்னால் இருந்தது நான் செய்த அட்டவணை. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பெயர், ஒரு பிழையும் இல்லை. குலசிங்கம் கீதன், 87. அவன் திருப்பினான். எண்பத்தாறு இருந்தது. அடுத்தது எண்பத்தொன்பது.

“அப்ப என்ர பிள்ளை இல்லையோ?” என்றார் அன்ரி. சத்தம் போடவில்லை. “எல்லாப் பிள்ளையளும் இருக்குதுகள். இவன் மட்டும் இல்லையோ?”

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, மச்சாள். கொப்பியைத் திறந்து தாளைக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைக் கண்ணாடி, பூட்டின பக்கம், பிளேட், எல்லாம். எவ்வளவு விளங்கினதோ தெரியாது, நான் அழுதுகொண்டு சொன்னேன்.

கீதன் எட்டிப் பார்த்தான். “ஓ மை கோட்! அம்மா, லக்சி என்னை மேல அனுப்பிப் போட்டாள்!” என்று சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். “வாயை மூடடா” என்று அன்ரி அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டே தாளைப் பார்த்தார். அவனுடைய தோளில் இருந்த நாலு விரலைத் தொட்டார்.

“இது என்ர கை” என்றார்.

நான் வெட்டிவிட்டது அவரைத்தான். எனக்குத் தெரியாது.

ஏசுவார், எழும்பி உள்ளே போவார் என்று நின்றேன். “வடிவாத்தான் இருக்கிறான்” என்றார். பிறகு மேசையில் இருந்த பேனையை எடுத்து என்னிடம் நீட்டி, பிறந்த திகதிக்குப் பக்கத்தைக் காட்டினார். “உது வெறுமையாக் கிடக்குது, பிள்ளை. என்னாலை பாக்க ஏலாமல் கிடக்குது. ஏதாவது எழுதி நிரப்பிவிடு.”

சிகிச்சை இருபத்துநாலாம் திகதி. பிழைக்க நூற்றுக்கு எத்தனை வீதம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம். அந்த எண்ணை அன்ரி சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். அந்த நாளை நினைத்துக்கொண்டு பேனையோடு நின்றேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன். ‘லீவு நல்லாப் போகட்டும். எலிவேற்றரில சந்திப்பம்.’ எழுத்துச் சின்னதாகப் போய்விட்டது.

அன்ரி தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் எழுதியதற்குப் பிறகும் இரண்டு விரல் அகலம் வெறுமையாகக் கிடந்தது.

“கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம், பிள்ளை” என்றார்.

உங்கள்,
லக்சி